அத்தையின் பயோடேட்டா

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று கல்பாக்கம் குடியிருப்பில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதனால் ஐந்தாம் வகுப்பிலேயே ஓர் உத்தியோகமும் கிடைத்தது. அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பயோடேட்டாவை அப்பா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். உயரம், படிப்பு, நட்சத்திரம் எல்லாம் உள்ளது உள்ளபடி வரும். நிறம் என்ற இடத்தில் மட்டும் அப்பா 'ஃபேர்' என்பார்.

ஃபேர் என்றால் சிவப்பு. அத்தையோ நல்ல கறுப்பு. கேட்டதற்கு அப்பா, "அது கலர் இல்லடி, ஒரு மரியாதை. எல்லாரும் போடறதுதான்" என்றார். உண்மைதான். எங்களுக்கு வந்த பயோடேட்டாக்களிலும் ஒருவர் விடாமல் ஃபேராகவே இருந்தார்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் அத்தையைப் பார்ப்பார்கள், பஜ்ஜியைப் பார்ப்பார்கள், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று கிளம்பிவிடுவார்கள். அத்தை பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு எனக்குத் தலை பின்ன உட்காருவாள். பாவமாக இருக்கும். ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். அவள் போய்விட்டால் நான் யாருடைய சைக்கிளில் கடற்கரைக்குப் போவது?

ஒருநாள் செங்கல்பட்டு வரனுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது. "மீதிய நீயே எழுதி வச்சிடு" என்று அப்பா பாதியில் எழுந்து ஓடினார். நிறத்துக்கு நேரே 'வெரி டார்க்' என்று எழுதினேன். இனி ஈ காக்கை இந்தப் பக்கம் வராது என்று நிம்மதியாக இருந்தது.

கவரில் போடுமுன் அத்தை தாளை வாங்கிப் படித்தாள்.

"அப்பா சொன்னதா?"

"ஆமாத்தை."

அப்பா அப்படிச் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தானே கவரை ஒட்டி, தானே போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

மூன்றாவது வாரம் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் அத்தையைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். "கடுதாசில இன்னா எழுதிகீதுன்னு எம்புள்ள படிச்சி சொன்னான். அப்டியே கீது பொண்ணு. எங்களுக்குப் புடிச்சிகீதுப்பா" என்றார். எதைச் சொல்கிறார் என்று தெரியாமலே அப்பா பெருமையாகத் தலையாட்டினார்.

எப்போதும் தரையையே பார்த்துக்கொண்டிருக்கும் அத்தை, அன்று நிமிர்ந்து உட்கார்ந்து அவர்களுடன் சிரித்துப் பேசினாள். எனக்குத் தாங்கவில்லை. அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதேன். அவர்கள் கிளம்பியதும் அத்தை உள்ளே வந்தாள். என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு நான் செய்தது துரோகம். அது தெரிந்தும் ஏன் இப்படிக் கொஞ்சுகிறாள் என்று எனக்குப் புரியவேயில்லை.