வரமா, சாமானா?

"வரமா, சாமானா?"

பூதம் இன்னும் குகையை விட்டே வெளியே வரவில்லை. அதற்குள் லோகேஸ்வரி அக்கா பேனா மூடியால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, இந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறார். கையில் இருக்கும் தாளைப் பார்க்கிறார். "நெருப்பு, சாமான். கேடயம், சாமான். நாத்தம் மட்டும் வரம்" என்கிறார். அதன் பிறகுதான் பூதம் வெளியே வரலாம்.

மலேசியாவின் கிள்ளானில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையின் பின் மேசையில், எட்டு வருடமாக, ஞாயிறு காலை பத்து மணிக்கு இது நடக்கிறது. ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு கதைக்குள் புகுந்துவிடுவார்கள். வெட்டு விழுந்ததா, கால் வழுக்கியதா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். கதையை நடத்துவது லோகேஸ்வரி அக்கா. ஆடுவது நாங்கள் மூன்று பேர்: டியூஷன் வாத்தியார் கார்த்திகேசு, சுபாங் ஜெயாவில் பல் கிளினிக்கில் வேலை செய்யும் நசீமா, பிறகு நான். எங்கள் வயதைக் கேட்காதீர்கள், மானம் போய்விடும்.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது. போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில், கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்குச் சுங்கப் படிவம் நிரப்பும் வேலை; அக்கா வாயில் அது 'பாரம்'. பெட்டிக்குள் இருப்பது ஒரே பொருளா, பல பொருளா என்று பிரித்து எழுதி எழுதி இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்தப் புத்தி ஞாயிற்றுக்கிழமையும் லீவு எடுப்பதில்லை. அவருடைய ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு தாள் உண்டு. இடப்பக்கம் 'வரம்': உடம்போடு வந்தது. வலப்பக்கம் 'சாமான்': கையிலோ கழுத்திலோ மாட்டிக்கொண்டது. சாமானைப் பிடுங்கினால் அதனால் வந்த சக்தியும் போயிற்று. ஏதாவது அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சின்னக் கையெழுத்து வேறு போடுவார், ஏதோ அதிகாரி வந்து சோதிக்கப் போவதைப் போல.

கார்த்திகேசுவுக்கு இது அறவே பிடிக்காது. "பூதத்தோட அடிக்குப் பன்னெண்டு மார்க்குன்னு போட்டாச்சுன்னா பன்னெண்டுதான்கா. கையில கோடாலி இருந்தா என்ன, கரண்டி இருந்தா என்ன? நம்பர்னா நம்பர் லா."

"அப்ப நீங்க வைட்போர்டு இல்லாம பாடம் எடுங்க சார், பார்ப்போம்" என்பார் அக்கா. வாத்தியார் ரொட்டியைப் பிய்க்க ஆரம்பிப்பார்.

ஒருமுறை, காலிச் சங்கில் குடியேறும் ராட்சதச் சங்கு நண்டு ஒன்று வந்தது. அதன் ஓடு வரமா சாமானா என்று இரண்டு மணி நேரம் சண்டை. ரொட்டி சானாய் ஆறி அட்டையாகிவிட்டது. நத்தைக்கு ஓடு வரம்தானே, நண்டுக்கு மட்டும் ஏன் இல்லை என்று நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "நத்தை சொந்த வீட்டுக்காரன். நண்டு வாடகைக்காரன். ரெண்டு பேரும் ஒண்ணா?" என்று கேட்டு, அக்கா ஓட்டை வலப்பக்கத்தில் எழுதிவிட்டார்.

இந்தச் சட்டத்தால் பிழைத்தவள் நசீமா. அவள் எடுத்த வேடம் ஒரு திருடி. எட்டு வருடத்தில் அவள் ஒரு பூதத்தையும் வெட்டியதில்லை, சாமானைத்தான் உருவியிருக்கிறாள். மந்திரவாதியின் மூக்குக்கண்ணாடியை உருவிவிட்டாள். அவனால் மந்திரத்தைப் படிக்க முடியவில்லை. பறக்கும் அரக்கனின் செருப்பில் ஒன்றை மட்டும் திருடினாள். அவன் அந்த அத்தியாயம் முழுக்க ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தான். அக்கா தாளில் ஒவ்வொன்றாக அடித்துக் கையெழுத்துப் போடுவார். கோபம் வராது. மாறாக, பெருமை வழியும். "இந்தப் புள்ளைக்குத்தான் பாரம் படிக்கத் தெரியுது" என்பார்.

அக்கா இவ்வளவு கறாரான ஆள் என்று நம்பித்தான் ஒருநாள் அவர் ஆபீசுக்குப் போயிருந்தேன். ஏசி இறக்குமதி செய்யும் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "அண்ணே, ரிமோட்டு தனிச் சாமான் இல்லண்ணே. ஏர்கோனோட பிறந்தது. அதில்லாம அது ஏர்கோனே இல்ல. பைப்பும் அப்படித்தான், ஸ்டாண்டும் அப்படித்தான். எல்லாம் ஒரே உடம்பு, ஒரே வரி." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை வைத்ததும், ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டே விட்டேன். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "இது சோறு லா. ஞாயித்துக்கிழமை ஆட்டம் சத்தியம்."

போன மாதம் நசீமாவின் கணவருக்குக் கடல் தாண்டி இருக்கும் மிரிக்கு மாற்றல் வந்தது. அவளுக்கும் புதன்கிழமை விமானம். 'ஆன்லைன்ல ஆடலாமே' என்று கார்த்திகேசு மெதுவாக இழுத்துப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல வர்ற பூதம் முழுக்கச் சாமான். லைன் போச்சுன்னா பூதமும் போச்சு" என்று அக்கா அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார். ஆக, போன ஞாயிறு கடைசி ஆட்டம். எட்டு வருடக் கதை ஓர் அரக்கியின் கோட்டை வாசலில் வந்து நின்றிருந்தது. அவள் செத்தால் கதை முடிந்தது. அந்த அரக்கியை உருவாக்க அக்காவுக்கு நாலு மாதம் பிடித்ததாம். "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் தாங்குவா" என்று வாட்சாப்பில் எழுதியிருந்தார். கடைக்காரரிடமும் ஆறு மணி வரை மேசையைச் சொல்லி வைத்திருந்தார். புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். 

அரக்கி வந்தாள். மூக்குத்தியில் நெருப்பு, மூக்குத்தியில் இடி, மூக்குத்தியைத் தொட்டால் ஆளே மறைந்துபோவாள். அக்கா குரலை உயர்த்தி அவளை வருணித்து முடிக்கவில்லை, நசீமா சொன்னாள்: "தூண்லேருந்து தலைகீழா தொங்கி மூக்குத்தியை உருவுறேன்."

பழக்கதோஷம். எட்டு வருடமாகச் செய்ததைச் செய்தாள். இருபது விழுந்தால் ஒழிய நடக்காத காரியம். பகடை உருண்டு போய்ச் சட்னிக் கிண்ணத்தில் முட்டி நின்றது. இருபது.

யாரும் கை தட்டவில்லை. மணி பத்தே முக்கால்.  இனி அரக்கி வெறும் பொம்பளை. ஒரே வெட்டு, எல்லாம் முடிந்தது, புதன்கிழமை வந்துவிடும்.

முதலில் பதறியது கார்த்திகேசுதான். "அக்கா, நம்பர்னா நம்பர் லா. மூக்குத்தி போனா என்ன, நெருப்பு அவகிட்டயே இருக்குன்னு சொல்லிடுங்க."

"ஆமாக்கா" என்றாள் நசீமா.  "மூக்குத்தி பிறக்கும்போதே இருந்துச்சுன்னு சொல்லிடுங்களேன். நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்."

"பிறக்கும்போதே யாருக்கும்மா மூக்கு குத்தியிருக்கும்?"

அக்கா தாளை நேராக வைத்தார். வலப்பக்கம் முதல் வரியில் இருந்த மூக்குத்தியின் மேல் கோடு போட்டார். அதன் கீழே நெருப்பு, இடி, மறைவு என்ற மூன்று வரியிலும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்து. நாலு மாத வேலை, நாலு கோட்டில் தீர்ந்தது. இடப்பக்கம் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"அவ வெறுங்கையோட நிக்கிறா" என்றார். "நாலுக்கு மேல எது விழுந்தாலும் செத்துருவா. உன் முறைதான் மா. உருட்டு."

நசீமா எங்களைப் பார்த்தாள். நாங்கள் தேநீரைப் பார்த்தோம். சட்டம் சட்டம்தான் என்பதை அவளுக்கு எட்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பகடையை எடுக்கக் கையை நீட்டினாள். எங்கள் மேசைக்குப் பகடை ஒன்றுதான், எல்லாரும் அதையேதான் உருட்டுவோம்; அது உருளாமல் யாரும் சாக முடியாது.

அவள் விரல் படுவதற்குள் லோகேஸ்வரி அக்கா அதை எடுத்தார். கைப்பைக்குள் போட்டார். ஜிப்பை இழுத்து மூடி, பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.