யாரும் ‘மிகவும்’ என்று சொல்லவில்லை

2004 மே 15, சனிக்கிழமை. அந்த வருட டைரியில் உள்ளபடி, காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்குப் பால் வந்தது. ஆறரைக்கு அப்பா செய்தித்தாளோடு முன்னறையில் உட்கார்ந்தார். ஏழு மணிக்குப் பக்கத்துப் பட்டறையில் கல் அறுக்கும் மெஷின் ஓடத் தொடங்கியது. எங்கள் ஊர் மயிலாடியில் அதற்குப் பிறகு யாரும் தூங்க முடியாது. ஏழே முக்காலுக்கு இட்லி. எட்டரைக்கு அண்ணன் என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டையும் இரண்டு பேனாக்களையும் தந்தான். ஒன்று எழுதாமல் போனால் மற்றது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அண்ணன் கல்லூரியில் கடைசி வருடத் தேர்வை எழுதி முடித்திருந்தான். அதற்கு முந்தைய ஏழு மாதமும் அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தான். பெயர் ‘ஓடு மக்கா ஓடு’. வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள், நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிப்பதற்காகத் திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஓடுவான். முதல் கட்டத்தில் நாய்களையும் வாழைத்தார்களையும் தாண்ட வேண்டும். இரண்டாம் கட்டத்தில் ஒரு குளம். அதில் கிடக்கும் பாறைகள் மேல் தாவித் தாவி அக்கரை சேர வேண்டும். தவறி விழுந்தால் ஆள் இறந்துபோவான். சோகமாக ஒரு நாதஸ்வரம் கேட்கும். மூன்று உயிர்கள் உண்டு.

திருவனந்தபுரத்தில் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனம், திங்கட்கிழமை அதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தது. பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் சித்தப்பா மஸ்கட்டில் ஒரு குடோனில் பார்த்து வைத்திருந்த வேலை. அதில் சேர்ந்தால் இரண்டு வருடம் கழித்துத்தான் ஊருக்கு வர முடியும். அப்பா பாஸ்போர்ட்டை ஏற்கெனவே பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். எனக்கு அண்ணன் போகக் கூடாது. அந்த வீட்டில் என்னோடு சண்டை போட அவனை விட்டால் ஆளில்லை.

கொண்டுபோவதற்கு முன் வெளியாட்கள் ஆடிப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் முடிவு செய்தான். சந்திப்பில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரின் உரிமையாளர் மூன்று மெஷின்களை அன்று மட்டும் இலவசமாக விட்டார். தான் அங்கே இருந்தால் எல்லோரும் மரியாதைக்கு நல்லதாகச் சொல்வார்கள் என்று அண்ணன் வரவில்லை. “அவங்க வாயில இருந்து என்ன வருதோ அத அப்படியே எழுது. நீயா ஒண்ணும் சேக்கப்பிடாது” என்று சொல்லி அனுப்பினான். நான் நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டேன்: நேரம், ஆள், எத்தனையாவது கட்டம், சொன்னது.

நான்காவது பத்தி பத்து மணிக்குள்ளேயே என்னைக் கலங்கடித்துவிட்டது.

“சவம், இந்த நாய் எங்க இருந்து வருது?”

“ஒரு துப்பாக்கி இல்ல, ஒரு வெடி இல்ல, இது என்ன கேமு.”

“பஸ்ஸ விட்டுட்டாம்லே. இனி நடந்து போவட்டு.”

பட்டறையிலிருந்து டீ குடிக்க வந்த ஒரு சிற்பி, கைகளில் வெள்ளைக் கல்தூளோடு, பின்னால் நின்று பார்த்தார். “தாவும்போ கால் முட்டு மடங்கண்டாமா? இது தூணு பறக்குத மாதிரில்லா இருக்கு” என்றார். ஒரு டிரைவர் மட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்து, “வேட்டிய மடிச்சுக் கெட்டிட்டு ஓடுகான் பாரு, எங்க மாமன் கல்யாண வீட்டுப் பந்திக்கு ஓடுத மாதிரியே இருக்கு” என்றார். அதையும் குறையாகவே எழுதிக்கொண்டேன்.

குளத்தை ஒருவரும் தாண்டவில்லை. மூன்றாவது பாறைக்கும் நான்காவதுக்கும் நடுவே எல்லோரும் விழுந்தார்கள், நாதஸ்வரம் ஓயவில்லை. பதினொன்றரைக்குப் பால்காரர் மகன் வந்தான். பத்து வயது. மூன்று உயிரும் போனதும் நாற்காலியில் திரும்பி, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: “கொளத்துல விழுந்தா சாவானாக்கும்? நீந்தி வரமாட்டானா? இத உண்டாக்குனவனுக்கு நீச்சல் தெரியாது, கேட்டியா.”

கடையே சிரித்தது. கடைக்காரர் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். அண்ணனுக்குச் சிறுவயதில் காதில் சீழ் வடியும். அதனால் அம்மா அவனைக் குளத்தில் இறங்க விட்டதில்லை. எங்கள் தெருவில் நீச்சல் தெரியாத ஒரே ஆண்பிள்ளை அவன்தான். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. அவன் நண்பர்கள் பேசினால் அன்றோடு நட்பு முடிந்துவிடும்.

நான்கு மணிக்கு வீடு திரும்பினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் நகல் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அறையில் உட்கார்ந்தேன். நேரத்தை மாற்றவில்லை, ஆட்களை மாற்றவில்லை. நான்காவது பத்தியை மட்டும் புதிதாக எழுதினேன். பழைய தாள்களைக் கிழித்து வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் விறகோடு சொருகினேன்.

ஐந்தரைக்கு டீ. அண்ணன் நோட்டை வாசித்தான். முதல் பக்கத்தில் முகம் மலர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் புருவம் நெளிந்தது.

“‘இவ்விளையாட்டு மிகவும் சுவாரசியமாக உள்ளது.’ இதச் சொன்னது யாரு?”

“பால்காரருக்க மகன்.”

“அவனா? ‘மிகவும்’னா சொன்னான்?”

“ஆமா.”

“ஏட்டி, நம்ம ஊர்ல எவனாவது வாயத் தொறந்து ‘மிகவும்’னு சொல்லிக் கேட்டிருக்கியா?”

“தமிழ் சாரு சொல்லுவாரு.”

“சாரு கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தாரா?”

அவன் இன்னும் நான்கைந்து வரிகளைச் சத்தமாக வாசித்தான். டிரைவர், ‘வண்ணங்கள் கண்ணுக்கு இனிமையாக உள்ளன’ என்று சொல்லியிருந்தார். சமையலறையிலிருந்து அம்மா சிரித்துவிட்டாள். பழைய தாள்களை எடுக்க நான் அடுப்படிக்கு ஓடினேன். அப்பாவுக்கு வெந்நீர் போட்டிருந்தார்கள், தாள்கள் சாம்பலாகியிருந்தன.

தாள் போனாலும் எனக்கு எல்லாம் நினைவிருந்தது. சுவரில் சாய்ந்து நின்று, ஒன்பதே காலிலிருந்து வரிசையாக ஒப்பித்தேன். அண்ணன் குனிந்து புதிய பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தான். தூண் பறப்பதற்கு “சரிதான்” என்றான். டிரைவரின் மாமன் வந்தபோது பேனாவை வைத்துவிட்டான். “இதப் போயி ஏம்ட்டி மாத்துன? இதுக்கு மேல ஒருத்தன் என்னத்தச் சொல்லணும்?” என்றான். அது எப்படிப் பாராட்டு ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை.

பதினொன்றரைக்கு வந்ததும் நிறுத்தினேன்.

“சொல்லு.”

“வேண்டாம்ணே.”

“அப்படியே சொல்லுட்டி.”

சொன்னேன். ‘கேட்டியா’வைக்கூட விடவில்லை. அண்ணன் அதை எழுதவில்லை. நோட்டை மூடிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கம்ப்யூட்டர் போடும் சத்தமும் கேட்கவில்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்தபடி, பாஸ்போர்ட் அளவுப் படம் மிச்சம் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார். மறைத்து வைத்ததால் ஒன்று, மறைத்ததைச் சொன்னதால் இன்னொன்று என்று இரண்டு வழியாகவும் அண்ணனை மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்றே நினைத்தேன். டைரியில் அன்றைய கடைசி வரி, ‘அண்ணன் சாப்பிடவில்லை.’

திங்கட்கிழமை நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் கொண்டுபோன விளையாட்டில் ஆள் குளத்தில் விழுந்தால் சாகவில்லை. ஒரு முங்கு முங்கி, தலையை உதறி, மூன்று கை வீசிப் பாறையைப் பிடித்து ஏறினான். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த நிறுவனத்தில் இருந்தவர்கள் அதைப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்றே பலமுறை விழுந்தார்களாம். அப்பா பாஸ்போர்ட்டை பீரோவிலிருந்து எடுக்க வேண்டி வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதில் எதுவும் எனக்குத் தெரியாது.

மே 16, ஞாயிறு. ஆறு மணிக்குப் பால் வருவதற்கு முன்பே அண்ணன் என்னை எழுப்பினான். “நோட்ட எடுத்துட்டு வா” என்று மட்டும் சொன்னான். அவன் குளத்துப் பக்கம் நடந்தான். பால்காரர் வீட்டு எருமைகளை அந்தப் பையன் அந்த நேரத்தில்தான் குளிப்பாட்டுவான். அடித்துவிடாதே என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன்.

பையன் என்னைப் பார்த்ததும் விஷயத்தை ஊகித்து, எருமைக்குப் பின்னால் ஒதுங்கினான்.

“நேத்து சொன்னது நீதான?” என்றான் அண்ணன்.

“நான் சும்மா சொன்னேம்ணே.”

“ஒண்ணும் இல்லடே. அந்தப் பாறையில ஏறி விழு. விழுந்துட்டு எப்படி எந்திக்கன்னு நான் பாக்கணும்.”

பையன் எருமைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். “வேணும்னு விழணுமா, தெரியாம விழணுமா?”

“தெரியாம.”

அவன் பாறையில் ஏறி, எங்களை மறந்தவன்போல் வானத்தைப் பார்த்து நடந்து, மிக அழகாகத் தெரியாமல் விழுந்தான். அண்ணன் நோட்டை வாங்கிப் படம் வரைந்தான். “இன்னொருக்க” என்றான். எட்டு முறை விழ வைத்தான். தலை எப்போது வெளியே வருகிறது, முதலில் எந்தக் கை, முட்டு எங்கே மடங்குகிறது என்று பையன் இப்போது வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டே விழுந்தான். பிறகு கரையைப் பார்த்து, “எல்லாம் தூரத்துல நின்னு பாத்தா தெரியாதுண்ணே. எறங்குங்க. இடுப்பு வரதான் தண்ணி” என்றான்.

அண்ணன் சட்டையையும் மூக்குக் கண்ணாடியையும் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். மூன்றாவது படியில் கால் நழுவி ஒரு வாய்த் தண்ணீர் குடித்தான். அதற்கு அவனே சிரித்தான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் திங்கட்கிழமை. செய்ய வேண்டிய வேலை அப்படியே கிடக்கிறது. கண்ணாடியை இடது கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, நோட்டில் எழுதினேன்: ‘6.50. வேலையை விட்டுவிட்டு அண்ணன் குளிக்கிறான்.’