செயுனாவின் கீழுதடு

கடல் பின்வாங்கிய பாறையில் மண்டியிட்டு, கடல்சிங்கத்தின் விலா எலும்பை இடுக்கில் நுழைத்து ஒரு நெம்பு நெம்புகிறாள் செயுனா. கறுப்புச் சிப்பி கொத்தாகக் கையோடு வருகிறது. கட்டைவிரலைவிடச் சிறியதைப் பிய்த்து மறுபடியும் இடுக்கிலேயே திணிக்கிறாள். "உனக்கு இன்னும் வயசாகல. அடுத்த குளிருக்கு வா." அலை முதுகில் அறைந்தால் கடலையும் விடுவதில்லை. "தள்ளாதடி, எடுத்துட்டுப் போயிடறேன்."

பாசி வழுக்காமலிருக்க உள்ளங்காலில் சாம்பலை அப்பிக்கொள்வாள். அது கரைந்ததும் கரைக்கு ஓடி மறுபடி அப்பிக்கொண்டு வருவாள். பேச்சு மட்டும் ஓயாது. தண்ணீர் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படியும் தாடையில் ஒழுகும். "அண்ணிக்கு வாயில ஓட்டை!" என்று சிரிப்பாள் அவள் கணவனின் தங்கை லொமே. "ஓட்டை இல்லாட்டி உன்கூட எப்படிடி பேசறது?" என்பாள் செயுனா.

குளிர் தொடங்கி, மலைக்காட்டிலிருந்து கூட்டம் கடற்கரைக்கு இறங்கியதும் முதல் சிப்பி செயுனாவின் உதட்டுக்குத்தான். பச்சைச் சதையைக் கீழுதட்டில் தேய்த்துவிட்டு, பாறையின் ஈரம் காயும்வரை காத்திருப்பாள். உதடு சுறுசுறுவென்று எரிந்தால் வெயில்கால நஞ்சு இன்னும் கடலில் இருக்கிறது. கூடைகளைக் கவிழ்க்க வேண்டியதுதான். சும்மா இருந்தால் நெருப்பு மூட்டலாம். தேய்த்தவள் அன்று தின்னக் கூடாது என்பது வழக்கம்.

போன குளிருக்கு முந்திய குளிரின் கடைசியில், அவசரத்தில், சுடுகல்லிலிருந்த சிப்பியை நேராக வாயில் வைத்து உறிஞ்சினாள். கீழுதட்டில் எழுந்த கொப்புளம் ஆறியது. உணர்ச்சி திரும்பவில்லை. கூட்டம் முழுக்கத் தன் வாயைப் பார்த்து நிற்கும் அந்தப் பெருமையை விட மனமில்லாமல் யாரிடமும் சொல்லவில்லை. போன குளிரில் வழக்கம்போலத் தேய்த்தாள், காத்திருந்தாள், "நல்லாயிருக்கு, தின்னுங்க" என்றாள். எல்லாரையும்விட ஆசையாக, நிறையத் தின்றவன் லொமேயின் கணவன் அவ்ரே. பொழுது சாய்வதற்குள் அவனுக்கு நாக்கு மரத்தது, கை மரத்தது, மூச்சும் நின்றது.

"உங்க உதடு பொய் சொல்லுமா அண்ணி? அதுக்கப்புறந்தான் தண்ணி கெட்டிருக்கும்" என்று தேற்றியவள் லொமேதான். தோளில் அந்தக் கை இருந்தவரை செயுனா தலை நிமிரவில்லை.

இன்று கூடைகள் நிறைந்துவிட்டன. செயுனா தேய்த்தாள். பாறை காய்ந்தது. வழியெல்லாம் கிழங்கு தோண்டித் தின்று வந்தவர்கள் அவள் வாயையே பார்த்து நின்றார்கள்.

"என்ன அண்ணி, எல்லாருக்கும் வயிறு காயுது. ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் லொமே.

செயுனா லொமேயின் கையைப் பிடித்து இழுத்து, விரல்களைத் தன் கீழுதட்டில் வைத்தாள்.

"கிள்ளு."

"விளையாட இதுவா நேரம்?" லொமே சிரித்துக்கொண்டே கிள்ளினாள்.

"இன்னும்."

நகம் இறங்கியது. ரத்தம் துளிர்த்தது. செயுனாவின் இமை அசையவில்லை.

லொமேயின் சிரிப்பு நின்றது. விரல்கள் மட்டும் உதட்டை விடவில்லை.