யானைச் சின்னம்

பசை வாளியை எட்டி உதைத்தாள் கமலாம்பாள். பசை தார்ச்சாலையில் வழிந்தது. மகனின் நினைவுத் தூணில் பாதி ஒட்டியிருந்த செய்தித்தாளைப் பிய்த்தெறிந்தாள். கேடயமும் அதிலிருந்த யானையும் குறுக்கே இரண்டு வாள்களும் தெரிந்தன.

“எவன்டா எம் புள்ள மேல பேப்பர் ஒட்டுறது?”

தேர்தல் பறக்கும் படையின் ஜீப்பிலிருந்து சண்முகசுந்தரம் இறங்கினார். மற்ற நாட்களில் அவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தர்.

“கோவப்படாதீங்கம்மா. யானை ஒரு கட்சியோட சின்னம். தேர்தல் முடியிறவரைக்கும் மறைக்கணும்.”

“இது பட்டாளத்து யானை.”

“கீழ எழுதியிருக்கிறதப் பாருங்க. ‘யானைச் சின்னத்தைத் தாங்கியவன்.’ ஓட்டுக் கேக்குற மாதிரியே இருக்கு.”

அம்பகரத்தூர் பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் தமீம் அன்சாரி எட்டிப் பார்த்தான். “சார், அந்தக் கட்சிக்குக் கொடி புடிக்கக்கூட இங்க ஆள் இல்ல. எங்கிட்ட இருக்குற டீத்தூள் பாக்கெட்ல ரெண்டு இலை போட்டிருக்கு. அதையும் மூடிடவா?”

சண்முகசுந்தரம் சிரிக்கவில்லை.

கணவன் செத்த பிறகு இருந்த கொஞ்ச நிலத்தைத் தானே பயிரிட்டு மகனை வளர்த்தவள் கமலாம்பாள். ராஜ்மோகன் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தான். முதல் விடுப்பில் வந்தபோது அவன் தொப்பியிலிருந்த யானை வில்லையைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள்.

“இது எந்தக் கோயில் யானைடா?”

“கோயில் இல்லம்மா. வடக்க அசாயேன்னு ஒரு ஊரு. இருநூறு வருசத்துக்கு முந்தி அங்க சண்டை. நம்ம பக்கத்து ஆளுங்க நின்னு ஜெயிச்சாங்க. அதுக்குக் கம்பெனிக்காரன் குடுத்த யானை.”

“வெள்ளக்காரனுக்காவா சண்டை போட்டாங்க?”

“ஆமா.”

“நம்ம காரைக்கால் பக்கம் பிரெஞ்சுக்காரன்கிட்டல்ல இருந்துச்சு. கம்பெனிக்காரன் யானை நமக்கு எதுக்கு?”

“அவன் போயிட்டான்மா. செத்தவங்க நம்மாளுங்க. யானை அவங்களோடது. இந்தச் சின்னத்தத் தாங்குறது லேசு இல்ல.”

பனிச்சரிவு அவனைக் கொண்டுபோனது. நண்பர்கள் தூண் எழுப்பினார்கள். தியாகச் செம்மல், தேசத்தின் தவப்புதல்வன் என்று எழுதப் போனவர்களைத் தடுத்து அவன் சொன்ன சொல்லையே எழுதச் சொன்னவள் அவள்தான்.

“நாளைக்கு அவன் செத்த நாளு,” என்றாள் சண்முகசுந்தரத்திடம். “யானைக்கு மாலை போடணும். நாளன்னிக்கி வந்து மூடுங்க.”

“முடியாதும்மா. மூடினதப் போட்டோ எடுத்து இப்பவே அனுப்பணும். வேணும்னா ஒண்ணு செய்றேன். ‘சின்னம்’கிற வார்த்தைய மட்டும் அழிச்சிடுறோம். யானைய விடச் சொல்லிக் கேட்டுப் பாக்குறேன்.”

“அத அழிச்சா யானையத் தாங்கினவன்னு ஆயிடும். எம் புள்ள என்ன சர்க்கஸ்காரனா?”

தமீம் அன்சாரி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். கமலாம்பாள் சண்முகசுந்தரம் பக்கம் திரும்பினாள்.

“தூணத் தொறந்த அன்னிக்கி எல்லாக் கட்சிக்காரனும் இந்த யானை பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சானுவ. அப்ப எவன் கண்ணுக்கும் இது கட்சியாத் தெரியல. இப்பத் தெரியுதோ? அவன் செத்தது எந்தக் கட்சிக்குன்னு அந்த ஜீப்புல எழுதி ஒட்டிட்டுப் போங்கய்யா!”

“எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா,” என்றார் சண்முகசுந்தரம். பெண் காவலர் ஒருத்தி கமலாம்பாளின் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். பசை இல்லாததால் தூணைச் சாக்கால் சுற்றிக் கயிற்றால் கட்டினார்கள். படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை கமலாம்பாள் சாமந்தி மாலையோடு வந்தாள். சாக்கு அப்படியே இருந்தது. சாக்குக்கு மாலை போட மாட்டேன் என்று தமீம் அன்சாரியிடம் சொன்னாள். மாலையோடு பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் போனாள். தேர்தல் அலுவலகத்தில் மனு வாங்கியவர் எந்தக் கட்சி என்று கேட்டார். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றாள். அவர் எழுதிக்கொண்டார். ஓட்டு எண்ணி முடிந்ததும் சாக்கை எடுத்துவிடுவார்கள் என்றார். மாலையை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். மதியத்துக்கு மேல் ஊர் திரும்பினாள். வயலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. மடையைத் திறந்துவிட்டாள்.