மாரிக்கனியின் இடப்பக்கம்

செம்பின் வாய் தம்ளரின் விளிம்பில் முட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் மாரிக்கனி காப்பியைச் சாய்ப்பார். சத்தம் கேட்காமல் சாய்த்தால் காப்பி தரைக்குப் போய்விடும். ஒற்றைக் கண்ணுக்குத் தம்ளர் இருப்பது தெரியும். அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது பிடிபடாது. படியிறங்கும்போது பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டே பாதத்தை ஊன்றுவார். இடப்பக்கமிருந்து யாராவது பேசினால் கழுத்தை மட்டும் திருப்பமாட்டார், உடம்பையே திருப்புவார். கோபமாகத் திரும்புகிறார் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பல சமயம் அது உண்மையும்கூட.

நாற்பத்து மூன்று வயது. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை. முன்பு ஸ்பின்னிங்கில் இருந்தார். ஓடுகிற மெஷினை நிறுத்தாமலே, அறுந்த நூலை விரல் நுனியால் ஒட்டிக்கொண்டு போகிற வேலை. இப்போது பேக்கிங்கில் நூல் கோன்களுக்குப் பாலித்தீன் உறை மாட்டுகிறார். கணவர் விஜயபாண்டி கொல்லத்தில் ஒரு ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். மாதத்துக்கு ஒருதரம் வந்து, தூங்கி எழுந்து, திரும்பப் போவார். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். கீழே டிவியில் யாராவது அழ ஆரம்பித்தால் உடனே சேனல் மாறுகிற சத்தம் கேட்கும். "அழுகையப் பாக்கதுக்கா டிவி வாங்கி வச்சிருக்கு?" என்பார்.

கண் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு, பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிக்கொண்டிருந்தார். மம்சாபுரம் விலக்கில் மூன்று பையன்கள் கைகாட்டினார்கள். பஸ் நிற்கவில்லை. ஒருவன் கல்லை எடுத்து எறிந்தான். ஒருவன் அதை செல்போனில் படம் பிடித்தான். இன்னொருவன் சிரித்தான்.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். கல் போவது அதில் தெரியாது. கண்ணாடி நொறுங்கும் சத்தமும் தொடர்ந்து சிரிப்பும் கேட்கும். கொஞ்ச தூரம் போய் பஸ் நிற்கிறது. சிரிப்பும் நிற்கிறது. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் வருகிறது. தினமும் காலையில் பால்காரரைக் கூப்பிடுகிற குரல்தான் அது என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. மதுரை ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணை எடுத்துவிட்டு, சில மாதங்கள் கழித்துச் செயற்கைக் கண் வைத்து அனுப்பினார்கள்.

எறிந்தவனுக்கு அப்போது பதினேழு வயது. மம்சாபுரத்துப் பையன். பத்தாவதோடு படிப்பை விட்டவன். அவன் பெயரை இங்கே எழுதக் கூடாது, சட்டம் அப்படி. வேறொரு பெயர் சூட்டவும் எனக்கு மனம் வரவில்லை. சில வாரங்கள் சிறார்களுக்கான கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருந்துவிட்டு ஜாமீனில் விட்டார்கள். வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வந்தது. மாரிக்கனியின் அண்ணன் சேதுபதி, ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். பையனைச் சிறப்பு இல்லத்தில் அடைக்க வேண்டும், ஒருநாள்கூடக் குறையக் கூடாது என்பது அவர் கட்சி. "பதினேழு வயசுன்னா பச்சப்புள்ளையா? பதினேழரையில நான் பட்டாளத்துல துப்பாக்கி தூக்கிட்டேன்" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னார்.

குழுமத்தில் மாரிக்கனியிடம் அவருக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். அதுவரை குழுமத்தில் வாயே திறக்காத மனுஷி எழுந்து, அவனை உள்ளே போட வேண்டாம் என்றார். "உள்ள போட்டா வேளைக்குச் சோறு தின்னுட்டு என்னைய மறந்துருவான். எனக்கு எடது பக்கம் ரோட்டுல வர்றது தெரிய மாட்டேங்கு. தெனமும் நான் மில்லுக்குப் போகையில, வரையில, அந்தப் பக்கம் இவன் நடக்கட்டும்."

சேதுபதி நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறிவிட்டார். குழுமத்தினரும் உடனே சம்மதிக்கவில்லை. பாதிக்கப்பட்டவரோடு குற்றம் செய்தவனைத் தினமும் நடக்கவிடுவதா என்று தயங்கினார்கள். நன்னடத்தை அலுவலர் இம்மானுவேல் வீட்டுக்கே பலமுறை வந்து, ஆத்திரத்தில் சொன்னதா, யாராவது மிரட்டினார்களா என்றெல்லாம் விசாரித்தார். கடைசியில் உத்தரவு வந்தது. ஓராண்டு கண்காணிப்பு, ஐடிஐயில் சேர்ந்து படிக்க வேண்டும், ஞாயிறுதோறும் அரசு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. கூடவே, பையனும் அவன் அம்மாவும் சம்மதித்ததால், இம்மானுவேல் மேற்பார்வையில் மாரிக்கனி கேட்ட அந்த நடை.

ஊர் அதை மன்னிப்பு என்று புரிந்துகொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன், முதல் நாள் காலை வரை.

அன்று பையன் வாசலில் வந்து நின்றான். நான் மாடிப்படியில் இருந்தேன். மாரிக்கனி வெளியே வந்தார். ஒன்றும் பேசாமல் இமையைக் கீழே இழுத்துச் செயற்கைக் கண்ணைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். வாசல் குழாயில் அதைக் கழுவினார். முகத்தில் இருந்த வெறுங்குழியை அவன் பக்கம் நேராகத் திருப்பிக்கொண்டுதான் கழுவினார். பையன் சாக்கடையோரம் ஓடி வாந்தியெடுத்தான். அவன் வாய் கொப்பளிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, கண்ணை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் கேட்டேவிட்டேன், இது கொடுமையில்லையா என்று. அவர் முகம் மாறவில்லை. "அவன் எறிஞ்சது எங்க போய் விழுந்துச்சுன்னு அவன் பாக்காண்டாமா அண்ணாச்சி? மன்னிச்சிட்டேன்னு யாரு சொன்னா? நீங்க பாட்டுக்கு அப்படி எழுதிராதீங்க."

அதன்பின் தினமும் நடை. பையன் காலையில் மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து அவரை மில்லில் விடுவான், ஐடிஐக்குப் போவான், சாயங்காலம் மில் வாசலில் வந்து நிற்பான். பஞ்சு மார்க்கெட் நெரிசலில் அவர் ரோட்டின் வலதுபுறத்தைத் தானே பார்த்துக்கொள்வார், இடதுபுறத்தை அவன் சொல்ல வேண்டும். "லாரி வருதுக்கா." "டூவீலரு வருதுக்கா, நில்லுங்க." "இப்ப வாங்க." இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். ஏலே, அவ்வளவுதான். ஒருநாள் அன்றைக்குப் படம் பிடித்தவன் பைக்கில் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்து, செல்போனை நீட்டிக் கேலி பேசினான். போக வேண்டுமானால் போ என்று மாரிக்கனி சொன்னாராம். பையன் போகவில்லை, தன் பையை உயர்த்தி அவர் முகம் படத்தில் விழாமல் மறைத்துக்கொண்டு நடந்தானாம்.

மூன்றாவது மாதமோ என்னவோ, அவர் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஏன் எறிந்தாய்? அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு, "தெரியலக்கா" என்றிருக்கிறான்.

அன்று இரவு அவர் வீட்டில் டிவி ஓடவில்லை. மறுநாள் என்னிடம் சொன்னார்: "குடிச்சிருந்தேம்பான், கோவம்பான், வேற யாரையோ நெனச்சு எறிஞ்சேம்பான்னு இருந்தேன். ஏதாவது ஒண்ணு சொல்லிருக்கலாம்லா. ஒண்ணுமே இல்லாததுக்கா அண்ணாச்சி என் கண்ணு போச்சு?" அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்தது கோபமில்லை. திகைப்பு. கல் அவர்மேல் அன்றைக்குத்தான் விழுந்ததுபோல் இருந்தது. ஒரு வாரம் அவர் பையனிடம் 'ஏலே'கூடச் சொல்லவில்லை. அவன் மட்டும் லாரிக்கா, ஆட்டோக்கா என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

ஆண்டு முடியச் சில வாரங்கள் இருக்கும்போது அது நடந்தது. காலை ஷிப்ட் நேரம். மாரிக்கனி ரோட்டில் காலை வைத்துவிட்டார். இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு சரக்கு ஆட்டோ வேகமாக இறங்கியது. சொல்ல நேரமில்லாமல் பையன் இரண்டு கைகளாலும் அவர் முதுகைப் பிடித்துத் தள்ளினான். ஆட்டோ நிற்காமல் போய்விட்டது. மாரிக்கனி டீக்கடைப் படியில் முகம் மோத விழுந்தார். நெற்றி கிழிந்து, ரத்தம் நல்ல கண்ணுக்குள் இறங்கியது.

ஆட்டோவை யாரும் கவனிக்கவில்லை. கண்ணைப் பறித்த பையன் பின்னாலிருந்து அந்த அம்மாளைத் தள்ளியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அந்த ரோட்டில் அவர்கள் கதை தெரியாதவர் இல்லை. நாலைந்து பேர் பாய்ந்தார்கள். டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சேதுபதி. கடை ஷட்டரை இழுக்கிற இரும்புக் கம்பியை எடுத்தார். பையன் ஓடவில்லை. தலையை மறைக்க வலது கையைத் தூக்கினான். கம்பி அந்தக் கையிலேயே திரும்பத் திரும்ப விழுந்தது.

சத்தம் கேட்டு நான் தெருமுனையிலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பார்த்தது இப்போதும் கண்ணைவிட்டுப் போகவில்லை. மாரிக்கனிக்கு அப்போது எதுவுமே தெரியவில்லை. ஒரு கண் இல்லை, மற்றதில் ரத்தம். கம்பி விழும் சத்தமும் "ஆட்டோ வந்துச்சுக்கா" என்று பையன் திரும்பத் திரும்பச் சொல்வதும் மட்டும்தான் அவருக்குக் கேட்டிருக்கும். அவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை நான் அவர் வாயில் கேட்டிராத பெயர். கூப்பிட்டுக்கொண்டே குரல் வந்த திசையில் கையை ஊன்றித் தவழ்ந்துபோய், அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அப்போதுதான் கம்பி நின்றது.

ஆஸ்பத்திரியில் இம்மானுவேல் வந்தார். பையன் கொலைசெய்யப் பார்த்தான் என்று சேதுபதி போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். மாரிக்கனி அதை ஒப்புக்கொண்டால், அல்லது வாய் திறக்காமல் இருந்தால்கூட, பையனுக்குக் கொடுத்த உத்தரவு ரத்தாகிவிடும், சிறப்பு இல்லம்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் சேதுபதி தங்கைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"தள்ளுனது அவன்தான்" என்றார் மாரிக்கனி. "தள்ளலேன்னா நான் இந்நேரம் இல்ல."

சரி, அவனை அடித்தது யார் என்று இம்மானுவேல் கேட்டார். கூட்டம் என்று சொல்லியிருக்கலாம். கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. அவர் தெரியாத கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க அண்ணன்" என்றார். "மூச்சு வாங்குதத வச்சுத் தெரியும் எனக்கு."

சேதுபதி பிளாஸ்கை மூடி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். அன்றிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை. உறவுக்காரர்கள் விசேஷங்களுக்கு மாரிக்கனியைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். விஜயபாண்டிகூடக் கொல்லத்திலிருந்து போனில் கத்தினார்.

பையனின் கண்காணிப்புக் காலம் நல்லபடியாக முடிந்தது. கைதான் சரியாகவில்லை. இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. ஐடிஐயில் பிட்டர் படித்தவனுக்கு ஸ்பானர் பிடியில் நிற்பதில்லை. சேதுபதிமேல் போட்ட வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடக்கிறது.

போன வாரம் சாட்சி விசாரணைக்கு மாரிக்கனியோடு நானும் போயிருந்தேன். பையனும் அவன் அம்மா பரிபூரணமும் வந்திருந்தார்கள். பரிபூரணம் காட்டு வேலைக்குப் போகிறவர். நல்ல சேலை கட்டி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சமரசமாகப் போகலாம் என்று சேதுபதியின் வக்கீல் காலையிலேயே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். சேதுபதியின் மனைவி காலில் விழாத குறை. பரிபூரணம் எல்லோருக்கும் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டியிருந்தார். மாரிக்கனி அதே பெஞ்சில், அவருக்குப் பக்கத்தில், பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் பரிபூரணமே கேட்டார். "உங்க அண்ணன விட்டுரச் சொல்லி எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாக. நீங்க ஒண்ணும் கேக்கலையேக்கா?"

மாரிக்கனி உடம்பை முழுக்கத் திருப்பி அவரைப் பார்த்தார். "நான் எந்த வாய வச்சு கேக்க? உன் மகன நானே இன்னும் மன்னிக்கலையே."

பையன் எதிரேதான் நின்றுகொண்டிருந்தான். ஓராண்டு நடந்து, கையை உடைத்துக்கொண்டு, அவர் உயிரையும் காப்பாற்றியவன். நான் அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன். பரிபூரணம் மட்டும், தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டவர்போல், மெதுவாகத் தலையாட்டினார்.

கோர்ட் டவாலி வாசலுக்கு வந்து பையனின் பெயரைக் கூப்பிட்டார். அவன் சட்டையைச் சரிசெய்தான். கோர்ட்டுக்கென்று யாரிடமோ வாங்கிப் போட்டுவந்த முழுக்கைச் சட்டை. வலது கையில் மணிக்கட்டுப் பட்டை திறந்து தொங்கியது. இடது கையால் அதைப் பூட்டப் பார்த்தான், பதற்றத்தில் முடியவில்லை. டவாலி இரண்டாம் முறை கூப்பிட்டார்.

மாரிக்கனி எழுந்து அவன் கையைப் பிடித்து இழுத்தார். கட்டைவிரலால் தடவித் துளையைத் தேடினார். பொத்தான் ஒருதரம் நழுவியது. எதிர்த் தூணோரம் நின்ற சேதுபதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரிக்கனி பையனின் கையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பொத்தானைப் பூட்டி, பட்டையை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிய அந்தப் பையனை வாசல் பக்கம் திருப்பிவிட்டார்.