அவளை அரக்கோணத்துக்குக் கொடுத்தோம்

திமிரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில்தான் அவளை முதலில் பார்த்தேன். பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. எங்கள் ஆம்பூர் பெண்கள் கால்பந்து கிளப்புக்கு ஆள் தேடிப் போயிருந்தேன். ப்ளஸ் டூ முடிக்கப் போகிற பெண். இரட்டைப் பின்னல், காலுக்கு ஒரு அளவு பெரிய பூட்ஸ். பந்து வந்தால் இரண்டு பேரைச் சுற்றிக்கொண்டு போய் யோசிக்காமல் அடித்தாள். வலது காலா, இடது காலா என்ற கணக்கே இல்லை. எந்தக் காலுக்கு வந்ததோ அந்தக் காலால் அடி. அன்று மூன்று கோல் போட்டாள். நான் கொண்டுபோயிருந்த நோட்டில் அவள் பெயரைத் தவிர வேறு பெயர் எழுதவில்லை.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். கிளப்பில் பதினைந்து வருடமாக ஆட்டம், அதில் ஆறு வருடமாக கேப்டன். தனியாக கோச் வைக்க வசதியில்லாத கிளப் என்பதால் பயிற்சி கொடுப்பதும் நான்தான். ஃபார்வர்டுகளுக்குப் பின்னால், நடு மைதானத்தில் ஆடுவேன். எங்கள் ஆட்டம் முழுக்க என் வழியாகத்தான் போகும். அப்படித்தான் நான் அதை அமைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறே அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவள். அம்மாதான் தயங்கினாள்.

"பொட்டப் புள்ளய அவ்ளோ தூரம் எப்படிம்மா அனுப்பறது?"

"எங்க வீட்லயே இருக்கட்டும்மா. நானும் எங்கம்மாவும் மட்டும்தான். கம்பெனில வேலையும் வாங்கித் தர்றேன். என் தங்கச்சி மாதிரி பாத்துக்கறேன்" என்றேன்.

அதை மனதாரத்தான் சொன்னேன். பின்னால் நான் சொன்னவை எல்லாம் அப்படி இல்லை என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

அவள் வந்தாள். கம்பெனியில் சோல் ஒட்டுகிற பிரிவில் போட்டார்கள். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே டிபன் கேரியரில் சாப்பாடு. என் அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. நான் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே வைக்கிறவள். அவள் தன் தட்டோடு என் தட்டையும் கழுவி வைப்பாள். அம்மாவுக்கு டிவி பார்க்கும்போது பேச்சுத்துணை வேண்டும். நான் பேச மாட்டேன், அவள் பேசுவாள்.

மைதானத்தில்தான் ஒன்றும் நடக்கவில்லை. முதல் சீசனில் எட்டு மேட்ச் ஆடினாள், ஒரு கோல்கூட இல்லை. கோலுக்கு முன்னால் கோடு போட்ட பாக்ஸுக்குள் பந்தோடு நுழைவாள், காலைத் தூக்குவாள், நின்றுவிடுவாள். அந்த ஒரு நொடியில் எதிராளி வந்து பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மதில் மேல் உட்கார்ந்து பார்க்கிற கம்பெனிப் பையன்கள் அவளுக்கு 'பிரேக்' என்று பெயர் வைத்தார்கள். அவள் பந்தைத் தொட்டாலே "பிரேக் போடு, பிரேக் போடு" என்று கத்துவார்கள்.

ஓவர்டைம் இருந்தால் நான் பயிற்சிக்கு வர நேரமாகும். அந்த நாட்களில் அவள் நாலு கோல், ஐந்து கோல் போட்டதாக மற்ற பெண்கள் சொல்வார்கள். எதிரில் சரியான டிஃபென்ஸ் இல்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கேப்டன் இல்லாத நாளில் ஒருத்தி ஏன் நன்றாக ஆடுகிறாள் என்று கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

குடியாத்தம் டீமோடு ஒரு மேட்ச். ஆட்டம் முடிய சில நிமிடங்கள்தான் பாக்கி, ஒன்றுக்கு ஒன்று. அவர்கள் கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தாள். இவள் முன்னால் பந்து, பந்துக்கு முன்னால் காலி கோல். நான் அவளுக்குப் பத்தடி பின்னால் ஓடி வந்தபடி, "இங்க குடு, எனக்கு குடு" என்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்று கேட்டால், எப்போதும் கத்துகிறவள் என்பதுதான் பதில். பதினைந்து வருடமாக எல்லாப் பந்தையும் கேட்டு வாங்கிய வாய். அவள் நின்றாள், திரும்பிப் பார்த்தாள், எனக்குத் தள்ளிவிட்டாள். குறுக்கே வந்தவள் அதை எடுத்துக்கொண்டு போனாள்.

எல்லோர் முன்னாலும் அவளைப் பிடி பிடியென்று பிடித்தேன். "இன்னா பண்றே நீ? கண்ணு தெரியலியா? கோலு எதுருல இருக்குது."

"நீங்க கூப்ட்டீங்கக்கா."

"கூப்ட்டா குடுத்துடுவியா?"

மதில் மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் டீம் பெண்களும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அவள் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல என் தட்டையும் கழுவி வைத்தாள்.

அந்த சீசன் முடிந்தபோது எங்கள் கீப்பர் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். கீப்பர் இல்லாமல் டீம் இல்லை. அரக்கோணம் கிளப்பில் இரண்டு கீப்பர் இருந்தார்கள். ஒருத்தியைத் தருகிறோம், பதிலுக்கு உங்கள் ஃபார்வர்டைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எட்டு மேட்சில் கோல் போடாதவளை எதற்குக் கேட்கிறார்கள் என்று எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏமாளிகள் என்று நினைத்துக்கொண்டோம்.

தலைவர் கமிட்டியைக் கூட்டினார். அவர் தோல் கமிஷன் வியாபாரி. அவருடைய குடோன் அலுவலக அறையில் ஞாயிறு காலை உட்கார்ந்தோம். தலைவர், பொருளாளர், செயலாளர், நான். செயலாளர் ரிட்டயர்டான பி.டி. வாத்தியார்.

"கீப்பர் இல்லாம பேஜாரா இருக்குது" என்றார் தலைவர். "அவங்களே கேக்கறாங்க, குடுத்துட்டு வாங்கிக்கலாம். இந்தப் பொண்ணும் ஒண்ணும் கிழிக்கல."

பொருளாளர் தலையாட்டினார். செயலாளர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரு சீசன வெச்சு முடிவு பண்ணக்கூடாது சார். பத்தொம்பது வயசுதான் ஆவுது. அவ எடம் அது இல்ல, அதான் தப்பு. கோலுக்கு முதுகு காட்டி நிக்கற பொண்ணு இல்ல அவ. நடுவுல பந்த வாங்கி, எடம் பாத்து ஓட வுடணும். அடுத்த சீசன் நடுவுல போட்டுப் பாக்கலாம்."

"நடுவுல கேப்டன் ஆடறாளே" என்றார் தலைவர்.

"கேப்டன் வெளிய நின்னு கோச்சிங் மட்டும் பாக்கட்டும். வயசும் ஆவுதில்ல. எத்தன நாளைக்குதான் ஓடுவா?" என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த அறையில் கால்பந்தைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அதற்கு முந்தின மாதம் ஒரு மேட்சில் முட்டி வீங்கி, ஐஸ் வைத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் கவனித்திருக்கிறார் என்று புரிந்தது. வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். என் இடத்தில் அவள். என் நம்பர் போட்ட சட்டையில் அவள்.

"நீ இன்னாம்மா சொல்றே? நீ கூட்டிட்டு வந்த பொண்ணு. நீ சொல்றதுதான்" என்றார் தலைவர்.

"அனுப்பலாம் சார்" என்றேன். "இங்கயே இருந்தா இப்படியேதான் இருப்பா. ஒரு மாத்தம் வேணும் அவளுக்கு. அங்க காலேஜ் சீட்டும் வாங்கித் தர்றாங்களாம். அவ நல்லதுக்குதான் சொல்றேன்."

செயலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யோசிச்சு சொல்றியாம்மா?"

"யோசிச்சுதான் சார்."

"வூட்ல வெச்சு சோறு போடறவளே சொல்றா. பாசம் பாக்காம கிளப்ப பாக்கறா பாருங்க. இதான் கேப்டன்" என்றார் தலைவர். அங்கேயே என்.ஓ.சி. தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஆட்டக்காரரை வேறு கிளப்புக்கு விட ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கிற தாள். கேப்டன் என்ற முறையில் நானும் கீழே போட்டேன்.

அவளிடம் சொல்கிற வேலையும் எனக்கே வந்தது. வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். உரிப்பதை நிறுத்தவில்லை.

"நான் நல்லா ஆடலன்னுதானேக்கா?"

"அப்படி இல்ல. கீப்பர் வேணும். கமிட்டி முடிவு."

"நீங்க இன்னா சொன்னீங்கக்கா?"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்தார்கள். "நான் வேணாம்னுதான் சொன்னேன். சண்ட போட்டேன். மூணு பேர் ஒரு பக்கம் இருந்தா நான் ஒருத்தி இன்னா பண்ண முடியும்?" என்றேன். வாத்தியார் பேசிய வாதத்தைக்கூட நான் பேசியதாகச் சொன்னேன். "அவள நடுவுல போட்டுப் பாக்கலாம், நான் வெளிய நிக்கறேன்னுகூட சொன்னேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கோசரம் அப்படி சொன்னீங்களாக்கா?" என்றாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ரயிலில் நானே கொண்டுபோய் விட்டேன். ஒரு பை, ஒரு ஜோடி பூட்ஸ், அம்மா கொடுத்த ஊறுகாய் பாட்டில். அரக்கோணம் பிளாட்பாரத்தில் அந்த கிளப்பின் கோச் காத்திருந்தார். அவரோடு போவதற்கு முன்னால் அவள் என் காலைத் தொட்டாள். நான் தடுக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அரக்கோணத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் மேட்ச். அவளை நடுவில் போட்டிருந்தார்கள். அதாவது, எனக்கு நேர் எதிரில். பந்தை வாங்குவாள், திரும்புவாள், போய்விடுவாள். நான் ஒவ்வொரு முறையும் அவள் இருந்த இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். முதல் கோலை பாக்ஸுக்கு வெளியிலிருந்தே அடித்தாள். இரண்டாவதை இடது காலால். எங்களுக்கு வந்த கீப்பர் இரண்டுக்கும் சரியான பக்கம்தான் பாய்ந்தாள், எட்டவில்லை. இடைவேளை முடிந்து பத்து நிமிடத்தில் என் முட்டி மடங்கிக்கொண்டது. கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

ஆட்டம் முடிந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் நொண்டிக்கொண்டே போனேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"முட்டி எப்படிக்கா இருக்குது? அம்மா நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. நல்லா ஆடறே. எங்ககிட்ட இருந்தப்ப இதெல்லாம் எங்க போச்சு?" விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

அவள் யோசித்துப் பதில் சொன்னாள். குத்திக் காட்டுகிற எண்ணமே இல்லை. அதனால்தான் அந்தப் பதில் இன்னமும் மனதில் அப்படியே நிற்கிறது.

"இங்க பந்து எங்கிட்ட இருக்கும்போது யாரும் கத்த மாட்டாங்கக்கா. அங்க அடிக்கலாம்னு கால தூக்கினா உங்க கொரல் கேக்கும். கேட்டதும் கால் தானா நின்னுடும். குடுக்கலன்னா உங்களுக்கு கோவம் வரும்னு."

"சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்டக்கா சொல்றது? நீங்கதான கேப்டன். உங்க வீட்லதான இருந்தேன்."

நான் கிளம்பத் திரும்பினேன். அவள் பின்னாலிருந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, மீட்டிங்ல அனுப்பலாம்னு சொன்னது நீங்கதானாம்" என்றாள். "உங்க தலைவர் எங்க கோச்கிட்ட பெருமையா சொன்னாராம், எங்க கேப்டன் பாசமே பாக்கலன்னு. எனக்கு அதுல ஒண்ணும் இல்லக்கா. நல்லதுதான் ஆச்சு. ஆனா சண்ட போட்டேன்னு சொன்னீங்களே, அதத்தான் ரொம்ப நாளு நெனச்சிட்டு இருந்தேன். கஷ்டம் வரப்பல்லாம் அத நெனச்சுக்குவேன்."

எங்கள் வேன்காரர் ஹாரன் அடித்தார். "வர்றேன்" என்றேன். அவளிடம் சொன்னேனா, வேன்காரரிடம் சொன்னேனா என்று தெரியவில்லை.

அடுத்த சீசனுக்கு என் பெயர் பட்டியலில் இல்லை. என்னைப் பற்றி முடிவெடுக்க கமிட்டி கூடவுமில்லை. வாணியம்பாடியிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து என் இடத்தில் போட்டுவிட்டு, ஆண்டு விழாவில் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். கோச்சிங்கும் வேறு ஆளுக்குப் போயிற்று. அரக்கோணத்துக் கீப்பர் ஒரே சீசனில் திரும்பிப் போய்விட்டாள். ஆக, அவளைக் கொடுத்து நாங்கள் வாங்கியது ஒன்றுமில்லை. வாத்தியார் கடைத்தெருவில் பார்த்தால் முட்டியைப் பற்றி விசாரிப்பார். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசினால் தேவலை.

அவள் இப்போது மாநில அணிக்கான கேம்ப்பில் இருக்கிறாள். கம்பெனி நோட்டீஸ் போர்டில் அவள் படம் ஒட்டியிருக்கிறது. பிரேக் என்று கத்தின பையன்கள், "எங்க கம்பெனிப் பொண்ணு" என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்டுகிறார்கள். போன வாரம் தலைவர் அவளுக்குப் பாராட்டு விழா வைக்கலாமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். எனக்கு மேடையில் இடம் உண்டாம், கண்டுபிடித்தவள் என்பதால்.

மாதம் ஒரு முறை அவள் என் அம்மாவுக்குப் போன் பண்ணுவாள். என்ன சாப்பிட்டாள், முடி கொட்டுகிறதா, ஊருக்கு எப்போது போகிறாள் என்று அரை மணி நேரம் பேச்சு ஓடும். "அக்கா இருக்காங்களா" என்று கேட்பாள். நான் குளிக்கப் போயிருக்கிறேன் என்று கை ஜாடை காட்டுவேன். அம்மா அப்படியே சொல்லிவிடுவாள். அவளும் வற்புறுத்த மாட்டாள்.

போனை வைத்ததும் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் போய்ச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். "எம்பொண்ணு அவளுக்காக அந்த மூணு ஆம்பளைங்களோட எவ்ளோ சண்ட போட்டா தெரியுமா? தன் எடத்தையே வுட்டுத் தர்றேன்னு சொன்னா." இத்தனை நாளில் அந்தப் பெண் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும். அம்மா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.