வைக்கோல் மூட்டைக்கு ஒரு ஹெல்மெட்

ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைக்கோல் மூட்டையை உட்காரவைத்து, அதற்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருக்கிறார் எங்கள் பக்கத்து வீட்டு டிராக்டர் மெக்கானிக். இனி மேட்டிலிருந்து ஒரே ஓட்டம். வாத்துக் குட்டைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டால் வெற்றி. இன்றுவரை குட்டைதான் வென்றிருக்கிறது.

ஞாயிறுதோறும் இந்தக் கூத்துதான். ஆட்டங்கள் எல்லாம் அவரே கண்டுபிடித்தவை. அடைகாக்கும் கோழிக்கு அடியிலிருந்து கொத்து வாங்காமல் முட்டை எடுப்பது ஒன்று. காளை வந்து காதை முகரும்வரை சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. "ரூல்ஸ் இல்லாட்டி அது விளையாட்டு இல்ல, கிறுக்குத்தனம்" என்பார், முகவாய்ப் பிளாஸ்திரியைத் தடவியபடி. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம். உண்மையில் மண் ஒட்டுவதில்லை, சேறுதான்.

எல்லாம் மகளுக்காக. நகரத்தில் வேலை பார்க்கும் அவள் போன வருடம் விடுமுறைக்கு வந்தாள். "இங்க எதுவுமே நடக்க மாட்டேங்குதுப்பா" என்று சொல்லிவிட்டு, விடுமுறை முடியுமுன்பே பஸ் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து இங்கே ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. எந்த ஆட்டத்துக்கும் இரண்டு பேர் வேண்டும் என்பது அவர் விதி. அவள் வரும்வரை அவள் இடத்தில் மூட்டை.

அவர் மனைவி சமையலறை ஜன்னலில் நின்று சிரிப்பார். "நம்ம பொண்ணு என்ன ஒண்ணாங்கிளாஸா படிக்கிறா? மூட்டை இத்தனூண்டு இருக்கு." மனுஷர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. மகளைத் தோளில் தூக்கிச் சுமந்த அளவுதான் அவர் கைக்குத் தெரியும்.

இன்று அவள் வருவதாக இருந்தது. காலையிலேயே பாதையில் கல் பொறுக்கி, சக்கரத்துக்கு கிரீஸ் போட்டு, என் கையில் விசிலைக் கொடுத்து நடுவராகவும் ஆக்கிவிட்டார். பஸ் வரும் நேரத்தில் போன்தான் வந்தது. வேலை இருக்கிறதாம், அடுத்த மாதம் பார்க்கலாமாம்.

"பரவாயில்லம்மா. பாதை இன்னும் ஈரமாத்தான் கெடக்கு. நல்லாக் காயட்டும்" என்றார்.

பாதையில் புழுதி பறந்துகொண்டிருந்தது. விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாத்துகளைப் பார்த்தேன்.

அவர் போனை வைத்தார். பிறகு வண்டியருகே குந்தி, மூட்டையின் வாயை அவிழ்த்து, வைக்கோலை அள்ளி அள்ளித் திணித்தார். மூட்டை வளர்ந்த பெண் அளவுக்கு நிமிர்ந்ததும், ஹெல்மெட் வாரை ஒரு துளை தளர்த்தி மாட்டிவிட்டார்.